வாஷிங்டன் – ஓர் ஊரும் பல பேரும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

சென்ற பருவத்தில் ஒரு மாலை நேரம். எங்கள் விடுதிப் பொது அறையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். கிரிக்கெட் ஆட்டம். வாஷிங்டன் சுந்தர் பந்து வீச வந்தார். வேதியியல் படிக்கும் நண்பர் ஒருவர், "தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அமெரிக்க ஜனாதிபதி பேர் எதுக்குய்யா?" என்றார். "ஜனாதிபதி பேர் இல்லைடா, அது ஊர்ப்பேர்; அமெரிக்காவின் தலைநகரம்" என்றார் மற்றொருவர். இருவரும் ஒரு தேநீருக்குப் பந்தயம் கட்டிவிட்டு, தீர்ப்புச் சொல்லும்படி என் பக்கம் திரும்பினார்கள். வரலாறு படிக்கிறவன் என்ற ஒரே குற்றத்திற்காக!

"ஜனாதிபதி பெயரைத்தான் ஊருக்கு வைத்தார்கள். ஆகவே ஆள்தான் முதல், ஊர் பிறகு" என்று நானும் பெரிய நீதிபதியைப் போலத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுநாள் நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் என் தீர்ப்புப் பாதி தவறு என்று தெரிந்தது. அந்த ஆளுக்கு அப்பெயர் வந்ததே வேறோர் ஊரிலிருந்துதான். அந்த ஊருக்கோ அப்பெயர் வேறோர் ஆளிடமிருந்து வந்தது. ஊரிலிருந்து பேர், பேரிலிருந்து ஊர், ஊரிலிருந்து மீண்டும் பேர் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஒரு சொல் நடந்து வந்திருக்கிறது. அது நடந்து வந்த வழியில் பிரபுக்களும் இருக்கிறார்கள், அடிமைகளும் இருக்கிறார்கள். அந்த வழியை நண்பர்களோடு சேர்ந்து ஒரு முறை நடந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசாவின் பண்ணை

ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' என்னும் நூலைப் படித்தவர்கள், ஓர் ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளேயிருந்து எவ்வளவு வரலாறு வெளிவரும் என்பதை அறிவார்கள். பாக்கம், பட்டி, குடி, நல்லூர் என்று நம்மிடம் ஈறுகள் இருப்பதைப் போலவே ஆங்கில நாட்டு ஊர்ப் பெயர்களுக்கும் ஈறுகள் உண்டு. அவற்றுள் மிகுதியாக வழங்குவது 'டன்' என்பது. பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்றால் வேலியடைத்த இடம், பண்ணை, சிற்றூர் என்று பொருள். இன்று நகரத்தைக் குறிக்கும் 'டவுன்' என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததுதான். இந்த ஈற்றைக் கொண்ட ஊர்ப் பெயர்கள் பல, பின்னர் ஆட்பெயர்களாகவும் ஆயின. 'நியூட்டன்' என்பதற்குப் புதிய ஊர் என்பது பொருள். ஆகவே புவியீர்ப்பு விதி கண்ட ஐசக் நியூட்டனை நாம் 'புதூரார்' என்று அழைத்தால் இயற்பியல் துறைப் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

இனி வாஷிங்டனைப் பிரிப்போம். முதலில் நிற்பது 'வாசா' என்னும் ஒரு மனிதனின் பெயர். நடுவில் நிற்கும் 'இங்' என்பது அவனைச் சேர்ந்தோரைக் குறிப்பது. இறுதியில் 'டூன்'. வாசாவின் மக்கள் வாழும் பண்ணை என்பது இதற்கு அறிஞர் பலரும் கூறும் பொருளாகும். வாசா அரசனும் அல்லன், வீரனும் அல்லன். வேலியடைத்துப் பயிர் செய்த ஒரு குடியானவத் தலைவனாக இருந்திருக்கலாம். அவனுடைய பெயர்தான் இன்று உலகப் படத்தில் மூலைக்கு மூலை எழுதப்பட்டிருக்கிறது!

இந்தப் பெயரில் இங்கிலாந்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. தெற்கே சசெக்ஸ் பகுதியில் ஒன்று. வடகிழக்கே, பழைய டர்ஹம் மாவட்டத்தில், வியர் ஆற்றுக்கு அருகே மற்றொன்று. இந்த வடக்கு ஊர் நெடுங்காலம் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தது. 1964இல் அரசு அதைப் புதுநகராக வளர்க்க முடிவு செய்தது. இன்று அது சண்டர்லாந்து மாநகர எல்லைக்குள் அடங்கியிருக்கிறது. நம் கதைக்கு உரியது இந்த வடக்கு ஊர்தான்.

ஊரை மாற்றினார், பேரும் மாறிற்று

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். 1086இல் வில்லியம் மன்னர் நாட்டின் நிலங்களையெல்லாம் கணக்கெடுக்கச் செய்த ஆவணமே 'டூம்ஸ்டே நூல்' என்பது நம் பாடத்தில் வருவதுதான். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு டர்ஹம் பகுதியைத் தொடவில்லை. அக்குறையை நீக்குவதுபோல 1183இல் டர்ஹம் ஆயர் தம் நிலங்களைத் தாமே கணக்கெடுக்கச் செய்தார். அதற்கு 'போல்டன் நூல்' என்று பெயர். அந்த நூலில்தான் நம் கதாநாயகரின் முன்னோர் முதன்முதலாகத் தலைகாட்டுகிறார்.

அவர் பெயர் வில்லியம் டி ஹெர்ட்பர்ன். 'டி' என்பது பிரெஞ்சு மொழியில் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள்படும் இடைச்சொல். ஹெர்ட்பர்ன் என்பது மான் ஓடை என்று பொருள்படும் ஓர் ஊர். அந்த ஊரை வில்லியம் ஆயரிடம் ஒப்படைத்துவிட்டு அதற்கு மாற்றாக வெஸிங்டன் என்னும் ஊரைப் பெற்றுக்கொண்டார். பெற்ற நிலத்துக்கு அவர் செலுத்த வேண்டிய கடமை நான்கு பவுன். அத்துடன் ஆயரின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டை நாய்களுடன் செல்லவும் வேண்டும். வெஸிங்டன் என்பது வாஷிங்டனின் அன்றைய எழுத்து வடிவம்.

ஊர் மாறியவுடன் பெயரும் மாறிற்று. வில்லியம் டி ஹெர்ட்பர்ன், வில்லியம் டி வெஸிங்டன் ஆனார். அக்காலத்தில் இது வியப்பன்று. நிலம் உடையவரை நிலத்தின் பெயரால் அழைப்பது வழக்கம். நிலம் மாறினால் அழைப்பும் மாறும். தந்தையின் ஊர்ப் பெயரை மகன், ஊரை விட்டுப் போன பின்னும் விடாமல் வைத்துக்கொள்ளத் தொடங்கியபோதுதான் அது குடும்பப் பெயர் ஆயிற்று. நார்மானியர் வருகைக்குப் பின் மெல்ல மெல்லப் பரவிய இவ்வழக்கம் பதினான்காம் நூற்றாண்டளவில் சாதாரண மக்களிடையேயும் ஊன்றிவிட்டது. 'டி' உதிர்ந்தது. ஊர்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அன்று அந்த ஒரு நில மாற்றம் நடவாமல் போயிருந்தால், வில்லியத்தின் வழிவந்த ஜார்ஜ், ஜார்ஜ் ஹெர்ட்பர்ன் என்றே வரலாற்றில் நின்றிருப்பார். அமெரிக்காவின் தலைநகரும் 'ஹெர்ட்பர்ன்' ஆகியிருக்கும். நான்கு வேட்டை நாய்கள் ஓடிய பக்கம் உலகப் படமும் ஓடியிருக்கிறது!

கம்பளி வணிகரும் பாதிரியாரும்

வெஸிங்டன் குடும்பம் பல கிளைகளாகப் பிரிந்தது. ஜான் வெஸிங்டன் என்பவர் 1416 முதல் 1446 வரை டர்ஹம் மடாலயத்தின் தலைவராக விளங்கினார். மற்றொரு கிளை மேற்கே லங்காஷயருக்குப் பெயர்ந்து வார்ட்டன் என்னும் ஊரில் நிலைத்தது. அந்தக் கிளையில் தோன்றிய லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே வந்து நார்த்தாம்ப்டனில் கம்பளி வணிகம் செய்து செல்வம் சேர்த்தார். அந்நகரின் மேயராகவும் இருமுறை இருந்தார். எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து அவற்றின் நிலங்களை விற்றபோது, 1539இல் சுல்கிரேவ் என்னும் ஊரில் மடத்து நிலத்தை விலைக்கு வாங்கி மாளிகை கட்டினார். அந்த மாளிகை இன்றும் இருக்கிறது. அதன் வாயிலில் குடும்பச் சின்னத்தைக் காணலாம்: மேலே மூன்று விண்மீன்கள், கீழே இரண்டு பட்டைகள்.

இந்தச் சின்னத்தைப் பார்த்த பலர், அமெரிக்கக் கொடியின் விண்மீன்களும் பட்டைகளும் இதிலிருந்தே பிறந்தன என்று எழுதிவிட்டார்கள். கேட்க இனிமையான கதைதான். ஆனால் இதற்குச் சான்று ஏதுமில்லை. சான்றுள்ள செய்தி வேறொன்று: வாஷிங்டன் தலைநகரத்துக்கென 1938இல் ஏற்கப்பட்ட கொடி, அதாவது வெள்ளை நிறத்தில் மூன்று சிவப்பு விண்மீன்களும் இரண்டு சிவப்புப் பட்டைகளும் கொண்ட கொடி, இந்தக் குடும்பச் சின்னமேதான். சுல்கிரேவ் வாயிலில் இருந்தது அமெரிக்கத் தலைநகரில் பறக்கிறது.

கம்பளி வணிகரின் வழியில் வந்த மற்றொரு லாரன்ஸ் வாஷிங்டன், எசெக்ஸில் பர்லீ என்னும் ஊரின் பாதிரியாராக இருந்தார். மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. 1643இல் பியூரிட்டன் கட்சியினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். அவர் மதுக்கடைகளில் பொழுது போக்குகிறார் என்பது குற்றச்சாட்டு. மன்னர் பக்கம் நின்றதே உண்மைக் காரணம் என்பாரும் உளர். எவ்வாறாயினும் குடும்பம் வறுமையுற்றது. அவருடைய மகன் ஜான் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். அக்கப்பல் புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, 1657இல் வெர்ஜீனியாவின் போட்டோமாக் ஆற்றில் தரைதட்டிச் சேதமுற்றது. ஜான் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப் பேரர்தாம் 1732 பிப்ரவரி 22இல் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன்.

உயிரோடிருக்கும்போதே ஊரான பெயர்

அமெரிக்க விடுதலைப் போரின் தளபதியாகவும் முதல் குடியரசுத் தலைவராகவும் ஜார்ஜ் வாஷிங்டன் ஆற்றிய பணிகளை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அவருடைய பெயர் ஊரான கதையை மட்டும் இங்குக் கூறுகிறேன்.

புதிய நாட்டுக்குப் புதிய தலைநகர் அமைக்க 1790இல் சட்டம் இயற்றினார்கள். போட்டோமாக் ஆற்றங்கரையில் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் ஜார்ஜ் வாஷிங்டனே. 1791இல் நகரமைப்பு ஆணையர்கள் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அவரோ தம் கடிதங்களில் அதைக் 'கூட்டாட்சி நகரம்' என்றே எழுதி வந்தார். தம் பெயரைத் தாமே எழுதக் கூச்சப்பட்டிருக்கலாம். 1799இல் அவர் மறைந்தார். 1800இல்தான் அரசு அங்குக் குடிபெயர்ந்தது. ஆகவே தம் பெயர் கொண்ட நகரிலிருந்து அவர் ஆட்சி செய்ததே இல்லை.

அதன் பின்னர் இப்பெயர் நாடெங்கும் வழிந்தோடியது. முப்பதுக்குக் குறையாத மாவட்டங்கள் இப்பெயரைத் தாங்குகின்றன. நியூ ஹாம்ஷயரில் 6,288 அடி உயரமுள்ள ஒரு மலைச் சிகரமும் இப்பெயர் பெற்றது. 1934 ஏப்ரல் 12இல் அந்தச் சிகரத்தில் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று வீசியதைக் கருவிகள் பதிவு செய்தன. பனை இனம் ஒன்றுக்கு 1879இல் ஒரு ஜெர்மன் தாவரவியலார் 'வாஷிங்டோனியா' என்று பெயரிட்டார். 1853இல் மேற்குக் கரையோரத்தில் ஒரு புதிய ஆட்சிப் பகுதியைப் பிரித்தபோது, அதற்குக் 'கொலம்பியா' என்று பெயரிடுவதாக முதலில் பேச்சு. தலைநகரம் கொலம்பியா மாவட்டத்தில் இருப்பதால் குழப்பம் வரும் என்று எண்ணிய காங்கிரஸ், குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக 'வாஷிங்டன்' என்று மாற்றியது. அப்பகுதி 1889இல் மாநிலமாயிற்று. 'வாஷிங்டன்' என்றால் மாநிலமா தலைநகரமா என்று இன்று வரை கேட்க வேண்டியிருக்கிறது. குழப்பம் தீர்ப்பவர்கள் எல்லா நாட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள்!

பெயரின் மறுபக்கம்

இதுவரை நாம் பார்த்தது பெயரின் வெளிச்சப் பக்கம். மறுபக்கத்தையும் பார்க்காமல் போவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று.

1743இல் தந்தை இறந்தபோது ஜார்ஜுக்கு வயது பதினொன்று. அந்தச் சிறுவனுக்குச் சொத்தாக வந்தவற்றுள் பத்து அடிமைகளும் இருந்தார்கள். 1799இல் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 அடிமைகள் உழைத்தார்கள். அவர்களுள் 123 பேர் அவருக்கே உரியவர்கள். மற்றவர்களுள் பெரும்பாலோர் மனைவி மார்த்தாவின் முதல் கணவரது சொத்திலிருந்து வந்தவர்கள். தமக்குரியவர்கள் மார்த்தாவின் மறைவுக்குப் பின் விடுதலை பெறட்டும் என்று அவர் உயில் எழுதினார். போர்க்களம் வரை உடனிருந்த வில்லியம் லீ என்ற ஒருவருக்கு மட்டும் உடனடி விடுதலை. மார்த்தா காத்திருக்கவில்லை, 1801 ஜனவரி 1இல் கணவரின் அடிமைகளை விடுவித்தார். மற்றவர்கள் அடிமைகளாகவே தொடர்ந்தார்கள். மவுண்ட் வெர்னன் பிறகு ஜார்ஜின் தம்பி மகனும் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான புஷ்ராட் வாஷிங்டனின் கைக்கு வந்தது. அவர் 1821இல் 54 அடிமைகளை விற்றார்.

மாலை நேரத்தில் மவுண்ட் வெர்னன் குதிரைக் கொட்டிலில் வேலை பார்த்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் பெயர் ஹாரி. ஆப்பிரிக்காவில் பிறந்தவர். 1763இல் ஜார்ஜ் வாஷிங்டன் அவரை விலைக்கு வாங்கினார். தம்மோடு சேரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாக ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் பிரபு 1775இல் அறிவித்தார். எசமானர் விடுதலைப் போரை நடத்திக்கொண்டிருந்த 1776இல், ஹாரி தம் விடுதலையைத் தாமே தேடிக்கொண்டு ஆங்கிலேயர் பக்கம் ஓடினார். 1783இல் போர் முடிந்து ஆங்கிலேயர் நியூயார்க்கை விட்டுப் புறப்படும்போது, ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தரவேண்டும் என்று ஜார்ஜ் வாஷிங்டன் நேரில் கேட்டார். ஆங்கிலத் தளபதி கார்ல்டன் மறுத்தார். கப்பலேறியோரின் பெயரேட்டில் அந்த 43 வயது மனிதரின் பெயர் எழுதப்பட்டது: ஹாரி வாஷிங்டன்.

அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார். குளிரும் பசியும் அங்கே காத்திருந்தன. 1792இல் ஏறத்தாழ 1,200 பேருடன் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் கப்பலேறினார். அங்கே ஆட்சி செய்த ஆங்கிலக் கம்பெனி குடியேறியவர்களின் நிலத்துக்கு வரி கேட்டது. 1800இல் மக்கள் எதிர்த்துக் கிளர்ந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஹாரி நாடு கடத்தப்பட்டார். கேட்காமல் விதித்த வரியை எதிர்த்து ஜார்ஜ் வாஷிங்டன் போரிட்டார், நாடு பிறந்தது. அதே வரியுணர்வால் ஹாரி வாஷிங்டன் போரிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் தூக்கியெறியப்பட்டார். ஒரே பெயர், ஒரே காரணம், இரண்டு முடிவுகள்.

இன்னொருவர் மேடிசன் வாஷிங்டன். 1841 நவம்பரில் 'கிரியோல்' என்னும் கப்பல் வெர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை ஏற்றிச் சென்றது. நடுக்கடலில் மேடிசனும் தோழர்களும் கப்பலைக் கைப்பற்றி, அடிமைமுறை ஒழிக்கப்பட்டிருந்த பஹாமாஸ் தீவுக்குத் திருப்பினார்கள். அக்கப்பலில் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சுதந்திர மனிதராயினர்.

வருகைப் பதிவேட்டில் ஒரு சிறுவன்

இந்தத் தேடலில் என் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சிக்கு இப்போது வருகிறேன்.

1856இல் வெர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் அடிமைத் தாய்க்கு ஒரு மகன் பிறந்தான். அவனை 'புக்கர்' என்று அழைத்தார்கள், அவ்வளவுதான். 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. குடும்பம் மேற்கு வெர்ஜீனியாவில் மால்டன் என்னும் ஊருக்கு வந்தது. சிறுவன் உப்புக் காய்ச்சும் ஆலையில் வேலைக்குப் போனான். மாற்றாந்தந்தையின் உப்புப் பீப்பாய்களுக்கு இட்ட எண் 18. அந்தப் பதினெட்டுதான் அவன் வாழ்க்கையில் முதன்முதலில் படித்தறிந்த எழுத்து. பிறகு ஒருவாறு பள்ளிக்கூடம் போகவும் அனுமதி கிடைத்தது.

பள்ளியில் ஆசிரியர் பெயர்களைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பெயர் சொல்கிறது. சில பிள்ளைகள் மூன்றும் சொல்கின்றன. இவனிடமோ ஒன்றுதான் இருக்கிறது. முறை நெருங்க நெருங்க யோசித்தான். ஆசிரியர் இவனிடம் வந்து முழுப் பெயரைக் கேட்டபோது, பிறந்தது முதல் அதுவே தன் பெயர் என்பதுபோல அமைதியாக, "புக்கர் வாஷிங்டன்" என்றான். வாஷிங்டன் என்பது அவனுடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர். தாய் தனக்கு 'டாலியாஃபெரோ' என்றும் பெயரிட்டிருந்தாள் என்பதைப் பின்னால் அறிந்து அதையும் நடுவில் சேர்த்துக்கொண்டார். இந்நிகழ்ச்சியை அவரே 1901இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

அந்தச் சிறுவன்தான் 1872இல் கையில் காசின்றி ஏறத்தாழ 500 மைல் கடந்து ஹாம்ப்டன் கல்விக் கழகத்தை அடைந்தார். அங்கே ஓர் அறையைத் துப்புரவாகப் பெருக்கிக் காட்டியதே அவருக்கு நுழைவுத் தேர்வாயிற்று! 1881இல் அலபாமாவில் டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைவராகி, மாணவர்களே செங்கல் அறுத்துக் கட்டடம் எழுப்பும்படி செய்தார். செங்கற்சூளை மும்முறை பழுதுபட்டபோது, தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காம் முறை முயன்று வென்றார். சமத்துவத்தை வற்புறுத்துவதில் அவர் மிதமாக நடந்துகொண்டார் என்று குறை கூறியவர்களும் உண்டு. அது தனியே ஆராய வேண்டிய பொருள். 1915இல் அவர் மறையும்போது டஸ்கீகி நாடறிந்த நிறுவனமாக இருந்தது.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் தாத்தா எங்கள் ஊரில் ஒரு பண்ணையாரிடம் ஏர் பிடித்தவர். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'பெரிய வீட்டு ஆள்' என்றுதான் அழைப்பார்களாம். என் தந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆசிரியர், "தகப்பன் பெயர் என்ன?" என்று கேட்டிருக்கிறார். உடன் வந்த கணக்குப்பிள்ளை, "பெரிய வீட்டு ஆள்னு போடுங்க சாமி, போதும்" என்றாராம். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற தாத்தா, அதற்கு முன் யாரையும் எதிர்த்துப் பேசியறியாதவர், "மாடசாமின்னு எழுதுங்கய்யா" என்று தம் பெயரைச் சொன்னாராம். ஆசிரியர் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே எழுதினார். அந்த 'மா' இன்றும் என் தந்தையின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. இக்கதையை என் தந்தை பலமுறை சொல்லியிருக்கிறார். நான் அதை வெறும் வீட்டுக் கதையாகவே கேட்டுவந்தேன். மால்டன் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பற்றிப் படித்த பிறகுதான், அந்த ஓரெழுத்து எவ்வளவு விலையுயர்ந்தது என்பது எனக்கு விளங்கியது.

யாருடைய பெயர்?

2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டோர் 1,63,036 பேர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பினத்தவர்! ஜார்ஜ் வாஷிங்டனுக்கோ பெற்ற மக்கள் இல்லை. அப்படியானால் இத்தனை பேருக்கும் இப்பெயர் எப்படி வந்தது?

எசமானரின் பெயர் அடிமைகளுக்கு ஒட்டிக்கொண்டது என்று பலரும் விடை கூறுவர். சிலருக்கு அவ்வாறு வந்தது உண்மைதான். ஆனால் வாஷிங்டன் குடும்பத்திடம் இருந்த அடிமைகளைக் கொண்டு மட்டும் இவ்வளவு பெரிய எண்ணிக்கையை விளக்க இயலாது. அடிமைகளுள் பலர் தமக்கென்று குடும்பப் பெயர்களை எசமானர் அறியாமலே தமக்குள் வழங்கி வந்தனர். விடுதலை கிடைத்ததும் அவற்றை வெளியே சொன்னார்கள். வேறு பலர் புதிதாகத் தேர்ந்துகொண்டார்கள். நாட்டின் தந்தை என்று ஊரெல்லாம் கொண்டாடும் பெயரை எடுத்துக்கொள்வது, 'இந்த நாடு எங்களுடையதும்கூட' என்று உரிமை கோருவதாகவும் இருந்திருக்கும். புக்கரைப் போலத் தந்தையின் முதற்பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

ஆகவே ஒரு பெயர் மூன்று வழிகளில் ஒருவருக்கு வரும் என்று கூறலாம். நிலத்தால் வரும், வில்லியத்துக்கு வந்தது அப்படி. பிறப்பால் வரும், ஜார்ஜுக்கு வந்தது அப்படி. தாமே எடுத்துக்கொள்வதாலும் வரும். புக்கருக்கு வந்தது அப்படி. முதல் இரண்டிலும் ஒருவருடைய முயற்சிக்குப் பெரிதாக இடமில்லை. மூன்றாவதில்தான் மனிதன் வாய் திறந்து பேசுகிறான்.

வாஷிங்டன் நகரத்து மக்களுக்குத் தங்கள் மேயரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை நூறாண்டுகளுக்கு மேலாக இல்லாதிருந்தது. அவ்வுரிமை திரும்பக் கிடைத்து, 1974இல் நடந்த தேர்தலில் வென்றவர் அடிமைகளின் வழித்தோன்றலான ஒரு கறுப்பினத்தவர். அவர் பெயர் வால்ட்டர் வாஷிங்டன். வாஷிங்டனுக்கு மேயர் வாஷிங்டன்! 1983இல் சிகாகோ நகரின் முதல் கறுப்பின மேயராக வந்தவரும் ஹெரால்ட் வாஷிங்டன்தான். 1977இல் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் இங்கிலாந்தில் உள்ள பழைய வாஷிங்டன் ஊருக்கே சென்று ஒரு மரக்கன்றை நட்டார். வாசாவின் பண்ணையில் ஊன்றிய பெயர் கடல் கடந்து போய், மீண்டும் தன் மண்ணுக்கு ஒரு மரமாக வந்து சேர்ந்தது.

பந்தயத்தின் முடிவு

இனி விடுதிப் பந்தயத்துக்கு வருவோம். கிரிக்கெட் வீரருக்கு அப்பெயர் வந்தது ஜனாதிபதியாலும் அன்று, தலைநகரத்தாலும் அன்று. அவருடைய தந்தை சென்னையில் வறுமையில் வளர்ந்த சிறுவராக இருந்தபோது, அண்டையில் வாழ்ந்த ஓய்வு பெற்ற இராணுவ வீரர் ஒருவர் சீருடையும் புத்தகமும் வாங்கிக் கொடுத்து, பள்ளிக் கட்டணமும் கட்டி ஆதரித்தாராம். அவருடைய பெயர் வாஷிங்டன். அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு அப்பெயரைச் சூட்டியதாகத் தந்தையே கூறியிருக்கிறார். ஆக, நான் எண்ணிய மூன்று வழிகளுக்கு அப்பால் நான்காவது ஒன்றும் இருக்கிறது: நன்றியாலும் பெயர் வரும்.

நண்பர்கள் இருவரும் தோற்றார்கள் என்று அறிவித்தேன். "அப்படியானால் தேநீர் யார் வாங்குவது?" என்று கேட்டார்கள். தவறான தீர்ப்புச் சொன்ன நீதிபதிதான் வாங்க வேண்டும் என்று பொது அறை ஒருமனதாக முடிவு செய்தது. மூன்று தேநீருக்கும் நானே காசு கொடுத்தேன். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டி, "பேர் என்ன தம்பி?" என்றார். என் பெயரை முன்னெழுத்தோடு சேர்த்துச் சொன்னேன்.